துறையில் நடக்கும் கூத்துகளும் படகு இன்ஷூரன்ஸும்

கேள்வி இது. மும்பை செம்பூரில் இருக்கும் மூன்று நண்பர்கள் சேர்ந்து 24 அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறார்கள். பின்னால் அவுட்போர்டு எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு எதிர்க்கரை மாண்ட்வா பக்கம் போய்வர ஆசை. செலவை ஈடுகட்ட அவ்வப்போது தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றும் யோசனை. படகுத்துறையில் நடக்கும் விபத்துகளைப் பற்றிப் படகுக்காரர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இதுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ்ல பணம் வருமா, இல்ல பிரீமியம் கட்டுறது தண்டமா?" என்று கேட்கிறார்கள்.

பல விபத்துகளுக்கு வரும். சிலவற்றுக்குக் கண்டிப்பாக வராது. சேதத்துக்கு நேரடிக் காரணம் எது, அந்தக் காரணம் யார் பொறுப்பில் இருந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் அது முடிவாகும். மும்பையில் கடல்சார் க்ளெய்ம்களைப் பார்ப்பது என் தொழில். சிறு படகுகளைப் பொறுத்தவரை நடுக்கடலில் புயலில் சிக்கியது என்று என் மேசைக்கு வரும் ஃபைல்கள் குறைவு. கட்டி வைத்த இடத்தில், ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில், தண்ணீரில் இறக்கும் சரிவில் நடந்தவைதான் அதிகம். ஆகவே உங்கள் கேள்வி சரியான இடத்தில் தொடங்குகிறது.

முதலில் மும்பைக் கடலின் குணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் துறையில் நடக்கும் கூத்துகளில் பாதிக்கு அதுவே காரணம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல் ஏறி இறங்குவது, அதாவது ஓதம், ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே பிறந்தவர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு மாடி வீட்டு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, சுமார் ஆறு மணி நேரத்தில் அத்தனையும் இறங்கிவிடும். ஒரு நாளில் இரண்டு தடவை.

இப்போது ஒருவர் ஏற்றத்தில் வந்து கல் ஜெட்டியில் படகைக் கட்டுகிறார் என்று வையுங்கள். படகு ஆடக் கூடாது என்று கயிற்றை இழுத்து, குறுக்கி, இறுக்கி முடிச்சு போடுகிறார். மாதுங்காவில் கல்யாணம், சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போகிறார். அவர் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் படகுக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் படகு ஜெட்டிச் சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. உள்ளே இருந்த மெத்தை, தண்ணீர்க் கேன், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் சேற்றில். கீழே நண்டு பிடிக்கும் பையன்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். தாராவியிலிருந்து வந்து கலாசியாக, அதாவது படகில் கூலியாளாக வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இப்படி ஒரு படகுக்காரரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அண்ணாச்சி, இது தூத்துக்குடி இல்ல. கயித்த இங்க கொஞ்சம் நீளமா விடணும்." அவர் சொல்லி முடிக்கும் முன்பே கயிறு கட்டியிருந்த கொக்கி, மேல்தளத்தின் ஒரு துண்டு ஃபைபரோடு பிய்ந்து வந்தது.

இதற்குப் பணம் வருமா? இங்கே உல்லாசப் படகுகளுக்குத் தரும் பாலிசிகள் பெரும்பாலும் 1985-ல் லண்டனில் வகுத்த இன்ஸ்டிட்யூட் யாட் க்ளாசஸ் என்ற வாசகத்தை அடியொற்றியவை. சட்டம் நம்முடையது, 1963-ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டம். கடலின் அபாயங்கள் என்றால் எதிர்பாராமல் நேர்பவை மட்டுமே, காற்றும் அலையும் வழக்கமாகச் செய்வது அதில் சேராது என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. கடல் தினமும் இறங்குவது வழக்கமான காரியம். எனவே 'ஓதம் இறங்கியதால் சேதம்' என்று எழுதிக் கொடுத்தால் அந்த க்ளெய்ம் அங்கேயே நொண்டத் தொடங்கும். ஆனால் யாட் வாசகத்தில் வேறொரு வழி இருக்கிறது. எவருடைய கவனக்குறைவால் நேர்ந்த சேதத்தையும் அது ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: உரிமையாளர் தன் பங்குக்குக் காட்ட வேண்டிய அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும். கலாசி கயிற்றைக் குட்டையாகக் கட்டிவிட்டார் என்றால் க்ளெய்ம் செல்லும். உரிமையாளரே கட்டியிருந்தால், அதுவும் முன்பு ஒருமுறை இப்படி நடந்திருந்தால், கம்பெனி 'நீங்கள் காட்ட வேண்டிய அக்கறை எங்கே' என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அதனால் பொன்டூன் என்ற மிதக்கும் மேடை உள்ள இடத்தில் கட்ட முடிந்தால் அங்கேயே கட்டுங்கள். பொன்டூன் படகோடு சேர்ந்தே ஏறி இறங்கும், கயிற்றை அளந்து விட வேண்டிய வேலை இல்லை. கல் ஜெட்டிதான் கிடைத்தது என்றால் முன்னும் பின்னும் தூரத்தில் உள்ள வளையங்களுக்குச் சாய்வாக நீளக் கயிறு கட்டி, பக்கவாட்டில் பழைய டயர்களைத் தொங்கவிட்டு, ஒரு ஆளையும் படகில் விட்டுவிட்டுப் போங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக்கொண்டாலே அந்த நாளிலும் அடுத்த ஓரிரு நாள்களிலும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்று தெரிந்துவிடும். மணிக்கணக்கு வேண்டுமென்றால் ஓத அட்டவணை இருக்கிறது.

அடுத்தது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நாம் சொல்வதை அப்படியே செய்து காட்டும் விபத்து. ஒரு கால் ஜெட்டியில், ஒரு கால் படகில், கையில் ஸ்வீட் பாக்ஸ், காதில் போன். பக்கத்தில் பெரிய லாஞ்ச் ஒன்று போக, அதன் அலையில் படகு மெல்ல விலகுகிறது. இரண்டு காலுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. கேட்வே ஆஃப் இந்தியா படிகளில் ஒரு மாமா இப்படி முழு நீளத்துக்கும் கால்களை விரித்து, கடைசிவரை போனை விடாமல் தண்ணீருக்குள் போனதை அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் போயிற்று. போன், கண்ணாடி, கேமரா போன்ற சொந்தப் பொருள்களை யாட் வாசகம் வெளிப்படையாக விலக்குகிறது, ஆகவே அதற்குப் பணம் கிடையாது.

ஆனால் அதே மாமா படகுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கால் நசுங்கியிருந்தால் அது வேடிக்கைக் கதையே இல்லை. அப்போது உங்கள் பாலிசியின் மூன்றாம் நபர் பொறுப்புப் பகுதி வேலை செய்ய வேண்டும். பலர் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. படகின் மதிப்பு 15 லட்சம் என்று போட்டுவிட்டு, பொறுப்புத் தொகையையும் அதே அளவில் விட்டுவிடுகிறார்கள். படகு போனால் நஷ்டம் 15 லட்சம்தான். ஒரு மனிதருக்குப் பெரிய காயம் என்றால் நஷ்டஈடு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன பயணிகள் படகு மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்தார்கள். அந்தத் துறைமுகத் தண்ணீரில்தான் நீங்கள் மூன்று குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள். பொறுப்புத் தொகையைக் கேட்டு உயர்த்தி வாங்குங்கள், அதற்குக் கூடும் பிரீமியத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். குழந்தைகள் உட்பட ஏறுகிற ஒவ்வொருவரும் ஜெட்டியிலேயே லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். படகில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால், அது எப்போதும் இருக்கைக்கு அடியில்தான் கிடக்கும்.

சம்பளத்துக்குக் கலாசி வைத்தால் அவருக்கு நேரும் காயம் இந்தப் பொறுப்புப் பகுதியில் வராது. தொழிலாளர் இழப்பீடாகச் சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியதை யாட் வாசகம் ஏற்பதில்லை, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். கன்னியாகுமரியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் இங்கே வந்து அடுத்தவர் படகில் உழைக்கும் நம் ஆட்களுக்கு இப்படி ஒரு பாலிசி இருக்கிறதா என்று கேட்பதற்கே யாரும் இல்லை. நீங்களாவது கேளுங்கள், நீங்கள்தான் முதலாளி.

இப்போது தண்ணீரில் இறக்கும் கதை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிறு படகுகளைக் கரையேற்றி, தார்ப்பாய் போட்டு வைத்துவிடுவார்கள். மீன்பிடிப் படகுகளுக்கும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. ஆவணிப் பௌர்ணமியில், இங்குள்ள மீனவர்களான கோளி மக்கள் நாரளி பூர்ணிமா என்று கடலுக்குத் தேங்காய் கொடுத்துப் பூஜை செய்து பருவத்தைத் தொடங்குவார்கள். அதைப் பார்த்து உல்லாசப் படகு வைத்திருப்பவர்களும் அந்த வாரத்தில்தான் படகை இறக்குகிறார்கள். அவசரமும் கூட்டமும் சேர்ந்த வாரம்.

ஒரு தமிழ்க் குடும்பம். படகுக்கு மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பெரியப்பா படகின் முன்முனையான அணியத்தில் தேங்காய் உடைத்தார், சரியாக இரண்டாகப் பிளந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். டிரெய்லரிலிருந்து படகு வழுக்கி இறங்கியது, கை தட்டினார்கள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. சரிவை விட்டு நாற்பது அடி போயிருக்கும். "அப்பா, கால் நனையுது" என்றாள் சின்னப் பெண். "அலை தெறிச்சிருக்கும்மா" என்றார் பெரியப்பா. அடுத்த நிமிஷம் உடைத்த தேங்காய் மூடி ஒன்று படகுக்குள்ளேயே மிதந்து அவர் காலைத் தொட்டது.

படகின் பின்பக்கத்தில் அடியோரமாக, கட்டைவிரல் தடிமனில் ஒரு துளை இருக்கும். கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்பார்கள். இறக்கும் முன் ட்ரெயின் ப்ளக் என்ற அடைப்பானைத் திருகி மூட வேண்டும். மே மாதம் அதைக் கழற்றிய மச்சினன் தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக விபூதிப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்திருந்தார். படகு கிடந்த யார்டின், அதாவது படகு நிறுத்துமிடத்தின் ஆள், வீட்டுக்காரர்களே மூடியிருப்பார்கள் என்று நினைத்தார். வீட்டுக்காரர்கள், யார்டுக்காரர் மூடியிருப்பார் என்று நினைத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், எல்லோரும் நடந்தே கரையேறினார்கள். பட்டுப்புடவையோடு பெரியம்மாவும். படகு உட்கார்ந்துவிட்டது, எஞ்சின் தலை மட்டும் வெளியே தெரிந்து, அடுத்த அலையில் அதுவும் போயிற்று.

அந்த க்ளெய்முக்குப் பணம் கிடைத்தது. காரணங்களைக் கவனியுங்கள். யாட் வாசகத்தில் படகு கடலில் இருக்கும்போது மட்டுமல்ல, கரையில் நிற்கும்போதும், தூக்கும்போதும், இறக்கும்போதும் காப்பு உண்டு. நேர்ந்தது ஒரு ஆளின் கவனக்குறைவு. ப்ளக்கை மூடுவது உட்பட யார்டுக்கு எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியல் உரிமையாளரிடம் இருந்தது, ஆகவே அவர் தரப்பில் அக்கறை இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியம். விபத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய கலாசி செய்தவை.

அவர் முதலில் போட்டோ எடுத்தார். படகு கிடந்த நிலை, திறந்த துளை, எஞ்சின் நம்பர். பிறகு இழுத்து வந்து, ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்ற வீட்டுக்காரர்களைத் தடுத்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சுற்றினால் தண்டு வளைந்துவிடும். உப்புநீரில் மூழ்கிய அவுட்போர்டு நீருக்கடியில் இருக்கும்போது கெடுவதைவிட, வெளியே எடுத்துக் காற்றுப்பட்ட பிறகுதான் வேகமாகத் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் நீரை வடித்து, எண்ணெய் விட்டுக் கையால் சுற்ற வேண்டும். மெக்கானிக் வர நேரமாகும் என்றால் எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முக்கி வைப்பது நல்லது. அவர் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் அப்படியே முக்கி வைத்தார். சேதம் நேர்ந்த பிறகு அது பெருகாமல் நியாயமான முயற்சி எடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஆகும் நியாயமான செலவையும் பாலிசி தரும். டிரம், டெம்போ வாடகை, நல்ல தண்ணீர் லாரி என்று எல்லாவற்றுக்கும் பில் வாங்கி வையுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரட்டும் என்று இரண்டு நாள் எஞ்சினை வெயிலில் போட்டுவைத்தால், அந்தத் துரு உங்கள் கணக்கில்தான் விழும்.

அவுட்போர்டு பற்றி இன்னொன்று. அது படகின் பின்பலகையில் தொங்கும் சாதனம், சிறியவை இரண்டு திருகுப் பிடிகளில்தான் நிற்கும். அதிர்வில் பிடி தளரும். ஜெட்டிக்கு வரும்போது ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் ஒரு குலுக்கலில் கழன்று, ஓடிக்கொண்டே கடலுக்குள் போனதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இதற்குப் பைசா வராது. கழன்று விழுந்த அவுட்போர்டுக்கு க்ளெய்ம் இல்லை என்று யாட் வாசகம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. திருட்டுக்குப் பணம் வரும், ஆனால் வழக்கமான பிடிகள் போக, திருட்டைத் தடுக்கும் பூட்டு ஒன்றும் போட்டுப் படகோடு பிணைத்திருந்தால்தான். அந்தப் பூட்டும் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் சேர்ந்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. சேதத்துக்குப் பணம் வரும்போதும் பழைய எஞ்சினுக்குப் பதில் புதியது வாங்கினால் மூன்றில் ஒரு பங்குவரை கழிக்கலாம் என்று வாசகத்தில் இருக்கிறது, அதையும் தெரிந்து வையுங்கள்.

எலி. சசூன் டாக் பக்கமோ பாவுச்சா தக்கா பக்கமோ படகு வைத்தால் மீன் வாசனைக்கு எலி வரும். 1875-லிருந்து மீனும் எலியுமாகவே வாழ்ந்த துறை சசூன் டாக். ஒயரைக் கடிக்கும், இருக்கை ஸ்பாஞ்சைப் பிய்த்துக் குட்டி போடும். 1963 சட்டத்தின் 55-வது பிரிவு எலியைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, எலி நேரடிக் காரணமான சேதத்துக்குப் பணம் இல்லை. சாதாரணத் தேய்மானத்துக்கும் அதே பிரிவில்தான் விலக்கு.

ஆனால் எலி குழாயைக் கடித்து, அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்தால்? இது 1887-லேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் சபைவரை போன வழக்கு. பர்மாவின் அக்யாபிலிருந்து அரிசி ஏற்றிப் போன கப்பலில் எலிகள் ஈயக்குழாய் ஒன்றைக் கடித்து ஓட்டை போட்டன. கடல்நீர் புகுந்து அரிசி பாழானது. அது கடலின் அபாயமே என்று தீர்ப்பு வந்தது. அது சரக்கு ஒப்பந்த வழக்கு, இன்ஷூரன்ஸ் வழக்கு அல்ல. ஆனாலும் எலி கடித்த ஒயருக்கும் எலி கடித்த குழாயால் மூழ்கிய படகுக்கும் ஒரே பதில் இல்லை என்று வாதாட உங்களுக்கு அதில் இடம் இருக்கிறது. க்ளெய்ம் படிவத்தில் 'எலியால் சேதம்' என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், நடந்ததை வரிசையாக எழுதுங்கள்: குழாயில் ஓட்டை, கடல்நீர் புகுந்தது, படகு மூழ்கியது. உள்ளதை உள்ளபடி முழுதாக எழுதினாலே போதும். மறைத்து எழுதினால் முழு க்ளெய்மும் போய்விடும். கடல் காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், 19-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

சரிவில் படகை இறக்கப் போன ஜீப்பும் சேர்ந்து இறங்கிவிடுவது இன்னொரு வகை. வற்றத்தில் சரிவின் கீழ்ப்பகுதி பாசி பிடித்துக் கிடக்கும், ஹேண்ட் பிரேக் அங்கே நிற்காது. ஜீப்புக்கு மோட்டார் பாலிசி, படகுக்குப் படகு பாலிசி, இரண்டு க்ளெய்ம், இரண்டு சர்வேயர். ஜீப் எஞ்சினுக்குள் தண்ணீர் போனபின் ஸ்டார்ட் செய்து கெடுத்தால் சாதாரண மோட்டார் பாலிசியில் தகராறு வரும், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை வாங்கியிருந்தால் பிழைக்கலாம். டிரெய்லரில் படகைச் சாலையில் இழுத்துப் போவதற்குக் காப்பு உண்டா என்பதையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஜெட்டியில் இடித்துப் பக்கவாட்டில் விரிசல் விட்டால் காப்பு உண்டு. அடுத்தவர் படகை இடித்தாலும் பொறுப்புப் பகுதியில் வரும். தரை தட்டினால் ஒரு நல்ல வசதி இருக்கிறது. தட்டிய பிறகு அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கென்றே நியாயமாகச் செலவு செய்தால், சேதம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் அந்தச் செலவைத் தருவார்கள். இங்கே வற்றத்தில் மண் திட்டு எங்கெங்கோ தலைகாட்டும், ஆகவே உங்களுக்கு இது பயன்படும். படகு மூழ்கி வழியை அடைத்தால் துறைமுகத்தார் அதை அப்புறப்படுத்தச் சொல்வார்கள், அந்தச் செலவு சில சமயம் படகின் விலையையே தாண்டும். பொறுப்புப் பகுதியில் அதுவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் படகுக்கென்றே பொருந்தும் ஒரு விஷயம் வேகம். 17 நாட், அதாவது மணிக்கு 31 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடக்கூடிய படகு என்றால் வேகப்படகு நிபந்தனை சேரும். 24 அடியில் நல்ல அவுட்போர்டு போட்டால் அந்த வேகம் சுலபமாக வரும். படகு ஓடும்போது பாலிசியில் பெயர் உள்ளவரோ தேர்ந்த வேறொருவரோ படகில் இருந்து கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். திறந்த கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஆளில்லாமல் விட்டுப் போன நேரத்தில் படகு அறுத்துக்கொண்டு போனாலும், தரை தட்டினாலும், மூழ்கினாலும் க்ளெய்ம் இல்லை. அலிபாக் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். கிஹிம் கடற்கரை எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போய் மீன் சாப்பாடு சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது படகு வேறு ஊருக்குப் போயிருக்கும், அல்லது தண்ணீர் வற்றி மணலில் உட்கார்ந்திருக்கும். முறை வைத்துக்கொண்டு ஒருவராவது படகில் இருங்கள், சாப்பாட்டைப் பார்சல் வாங்கி வந்து கொடுத்தால் போகிறது.

வாடகைக்கு விடும் யோசனையைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்கிறேன்: வேண்டாம். சொந்த உல்லாசத்துக்கு மட்டும், காசுக்கு விடுவதில்லை என்ற உறுதிமொழியின் மேல்தான் அந்தப் பாலிசியே நிற்கிறது. தெரிந்தவர்தானே, பெட்ரோல் செலவுக்கு மேல் ஐந்தாயிரம் கொடுத்தாரே என்று வாங்கினாலும் அது வாடகைதான். 35-வது பிரிவின்படி இத்தகைய உறுதிமொழியை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். அதை மீறியதற்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், மீறிய நாளிலிருந்து கம்பெனி தன் பொறுப்பிலிருந்து விடுபட முடியும். கரையில் நிறுத்தும் காலம் என்று பாலிசியில் எழுதியிருக்கும் மாதங்களுக்கும் இதே கண்டிப்பு. ஜூலையில் ஒரு ஞாயிறு வெயில் அடிக்கும், கடல் கண்ணாடி மாதிரித் தெரியும், "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்டா" என்று ஒருவர் சொல்வார். போகாதீர்கள். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் லாஞ்ச்சுகளே அந்த மாதங்களில் நிற்கின்றன. வாடகைத் தொழில்தான் செய்ய வேண்டும் என்றால் அதற்கான உரிமம், பதிவு, வணிகப் பாலிசி என்று முறையாக வாங்கிச் செய்யுங்கள். அது வேறு செலவு, வேறு பொறுப்பு.

வாங்குவதற்கு முன்பே படகைக் கரையேற்றி ஒரு சர்வேயரைக் கொண்டு பாருங்கள். ஃபைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறதா, பின்பலகை மெத்தென்று இருக்கிறதா, கொக்கிகளுக்கு அடியில் தாங்கு பலகை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். அந்த அறிக்கை இருந்தால் பாலிசி எடுப்பது எளிது. பின்னால் 'இது பழைய சேதம்' என்று கம்பெனி சொல்ல இடமும் குறையும். பழைய உரிமையாளரின் பாலிசி படகோடு சேர்ந்து உங்களுக்கு வராது, விற்றவுடன் அது முடிந்துவிடும். 'இன்னும் எட்டு மாசம் இன்ஷூரன்ஸ் இருக்கு சார்' என்று விற்பவர் சொல்வதை விலையில் சேர்க்காதீர்கள். மூவர் பணம் போடுகிறீர்கள் என்றால் பதிவிலும் பாலிசியிலும் மூவர் பெயரும் இருக்க வேண்டும். படகு, எஞ்சின், டிரெய்லர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பு எழுதச் சொல்லுங்கள்.

க்ளெய்ம் மறுத்தால் சோர்ந்துவிடாதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பு மறுப்பே அல்ல. பதிலை வாங்கிக்கொண்டு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, தனிநபர் பாலிசி என்பதால் இன்ஷூரன்ஸ் குறைகளை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய்வரை அவர் விசாரிக்க முடியும், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போட்டோக்கள், பில்கள், யார்டுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலின் நகல் ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு, படகில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.